குடையை வைத்து அளந்த இன்ஜின்

மாயவரத்தில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் சுவரேறும். ஒரு காலத்தில் பிரஷ் பிடித்து போர்டு எழுதினவன். அப்புறம் ஸ்டிக்கர் வெட்டும் ப்ளாட்டர் வந்தது, அப்புறம் பிரிண்டர் வந்தது, இப்போது பள்ளிக்கூடங்களுக்கு ஐடி கார்டும் அடித்துக் கொடுக்கிறேன். கடையின் பின்கட்டில், பேனர் கட்டும் சவுக்குக் கழிகளுக்கும் பழைய போர்டுகளுக்கும் நடுவே, இரண்டு வருஷமாக நானே செய்கிற ஒரு டீசல் ரயில் இன்ஜின் மாடல் உட்கார்ந்திருக்கிறது. நீளம் 69 சென்டிமீட்டர்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஊர்வலத்துக்குண்ணே இது?" அடுத்தது, "ஓடுமா?"

ஓடாது. இப்போதைக்கு அது பாடி மட்டும். மோட்டாரும் சக்கரமும் வேறு கதை, அதற்குப் பணமும் வேறு. ஆனால் பாடி ஒன்றுக்கே இரண்டு வருஷம் போயிருக்கிறது. அதில் ஒரு வருஷம் தப்பாகச் செய்ததில் போனது. அந்தத் தப்பைத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

இன்ஜின் ஒய்டிஎம்-4. தண்டவாள அகலம் ஒரு மீட்டராக இருந்த மீட்டர்கேஜ் காலத்தில் எங்கள் பக்கம் ஓடிய டீசல். நாற்பது வயது தாண்டிய டெல்டாக்காரர் யாராக இருந்தாலும் பெயர் தெரியாமலே இதைப் பார்த்திருப்பார். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கிருந்தே வந்து இறங்கியது, 1968 முதல் வாரணாசியில் செய்தார்கள். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். எடை 72 டன். ஒரு ஓரமாக டிரைவர் கேபின், அதற்கு இந்தப் பக்கம் குட்டையாக ஒரு மூக்கு, அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெட்டி. பெட்டியின் இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற மாதிரி நடைபாதை, அதற்குக் கைப்பிடிக் கம்பி. அவ்வளவுதான் உருவம். குழந்தை கூட வரைந்துவிடும் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன்.

எனக்கு இந்த இன்ஜின் பழக்கமானது என் சித்தப்பாவால். அவர் பேரளத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் இடையில் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். முழுப்பரீட்சை லீவு முழுக்க நான் அந்தக் கேட் அறையில்தான் கிடப்பேன். ஸ்டேஷனிலிருந்து போன் அடிக்கும். சித்தப்பா பேசியதற்கு அத்தாட்சியாக ஒரு பிரைவேட் நம்பர் வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டு கேட்டைச் சாத்துவார். காரைக்குடி போகிற கம்பன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வரும். முதலில் தண்டவாளம் பேசும், பிறகு விளக்கு தெரியும், பிறகு தரை நடுங்கும். டிரைவர் வேகமெடுக்க நாட்சைக் கூட்டினால் கரும்புகை குப்பென்று கிளம்பும். டீசல் உடனே உள்ளே போய்விடும், டர்போ சுழன்று காற்றைக் கொண்டுவரக் கொஞ்சம் நேரமாகும், அந்த இடைவெளிதான் அந்தப் புகை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது இன்ஜின் மூச்சு விடுவதுதான்.

இத்தனை வருஷம் பார்த்தோமே, கண்ணை மூடினால் தெரிகிறதே என்கிற தைரியத்தில் இறங்கினேன். அந்தத் தைரியம்தான் ஒரு வருஷத்தைத் தின்றது.

முதலில் அளவுக் கணக்கு. பெரிய சைஸ் மாடல் ரயிலில் ஜி ஸ்கேல் என்று ஒன்று உண்டு. ஜெர்மனியின் எல்ஜிபி கம்பெனி 1968-இல் கொண்டுவந்தது. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர், மாடல் நிஜத்தில் 22.5-இல் ஒரு பங்கு. அவர்கள் மனதில் இருந்தது ஐரோப்பாவின் மீட்டர்கேஜ் ரயில்கள். ஆயிரம் மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4. நம் மீட்டர்கேஜும் அதே ஆயிரம்தானே! இன்றைய பிராட்கேஜ் இன்ஜினைச் செய்து இந்தத் தண்டவாளத்தில் வைத்தால் கால் ஒடுங்கிப்போய் நிற்கும். மாயவரம் மீட்டர்கேஜோ, யாரோ நமக்காகவே கணக்குப் போட்டு வைத்த மாதிரி அச்சாகப் பொருந்துகிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "காலைல சொல்லுங்க" என்றாள். காலையில் சொன்னபோதும் அவ்வளவாக அசரவில்லை.

சாமான். வெளிநாட்டில் இந்த வேலைக்கு ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் ஷீட் வாங்குகிறார்கள். மாயவரத்தில் ஸ்டைரீன் கேட்டால் ஸ்டீரியோ கடைக்கு வழி சொல்வார்கள். ஆனால் என் கடையிலேயே சன்போர்டு என்கிற நுரை பிளாஸ்டிக் பலகை மூலை மூலையாகக் கிடக்கிறது. 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர், போர்டு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். பிளேடால் வெட்டலாம், பசை பிடிக்கும், எடை கிடையாது. குறை என்னவென்றால் அதன் வெட்டுவாய். மேலும் கீழும் வழவழப்பாக இருக்கும், குறுக்கே வெட்டினால் உள்ளே பன் ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். எத்தனை கோட் பெயிண்ட் வைத்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் சன்போர்டில் எலும்புக்கூடு மட்டும் கட்டி, மேலே மெல்லிய பிவிசி தோல் போர்த்துவது என்று முடிவு செய்தேன்.

தோலுக்கு என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அது கொஞ்சம் வெட்கக்கேடு.

இப்போது தப்புக்கு வருவோம். என்னிடம் இன்ஜினின் வரைபடம் கிடையாது. பக்கவாட்டில் எடுத்த ஒரு நல்ல போட்டோ இருந்தது. போட்டோவில் ஏதாவது ஒரு உறுப்பின் நிஜ அளவு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் விகிதத்தில் கிடைத்துவிடும் என்பது போர்டு எழுதுகிறவனுக்குப் பால பாடம். ஒய்டிஎம்-4 சக்கரத்தின் விட்டம் 965 மில்லிமீட்டர் என்று தெரியும். கம்ப்யூட்டரில் போட்டோவைப் பெரிதாக்கி, சக்கரத்தை 965 என்று வைத்துக்கொண்டு, மொத்த நீளத்தையும் கேபினையும் கதவுகளையும் கணக்கிட்டேன். மாடலுக்கு 72 சென்டிமீட்டர் வந்தது. ப்ளாட்டரில் கோடு போட்டு வெட்டி, ஆறேழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பெட்டி, கேபின், மூக்கு எல்லாம் கட்டி நிறுத்திவிட்டேன். உயரமும் அகலமும் நேர் எதிரிலிருந்து எடுத்த வேறொரு போட்டோவிலிருந்து வந்தவை. பார்க்க ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. பூந்தோட்டத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் ஆபரேஷனுக்கு மாயவரம் வந்தவரைக் கடைக்கு அழைத்து வந்தேன். இன்ஜினைப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"ஏண்டா, இது என்ன ரெண்டு முட்டி?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மீட்டர்கேஜில் முகப்பின் நடுவில், அடுத்த பெட்டியோடு முட்டுகிற பஃபர் ஒன்றேதான், இணைக்கும் கொக்கியும் அதோடேயே. நான் இன்றைக்கு ஜங்ஷனில் தினமும் பார்க்கிற பிராட்கேஜ் மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு வைத்திருக்கிறேன். முப்பது வருஷ ஞாபகத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு வருஷக் காட்சி ஏறி உட்கார்ந்துவிட்டது. கண்ணை மூடினால் தெரிகிறது என்றேனே, தெரிந்தது இதுதான்.

சித்தப்பா விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார்.

"நீளம் ஜாஸ்தியா இருக்கு."

"இல்ல சித்தப்பா, கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். சக்கரத்தோட அளவு தெரியும், அத வச்சு…"

"எந்தச் சக்கரம்? புதுசா, பழசா?"

நான் முழித்தேன்.

"சக்கரம் தேயாதாடா? தேயத் தேய லேத்துல போட்டுச் சீவுவாங்க, திரும்பத் தேயும். நீ பாத்த படத்துல அது எத்தன வருஷம் ஓடின சக்கரமோ. அத நம்பி அளந்தியாக்கும்? தண்டவாளத்த வச்சு அளடா. கேஜ் மாறாது."

நாற்பது மில்லிமீட்டர் தேய்ந்த சக்கரத்தை முழுச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டால் இன்ஜின் முழுவதும் நூற்றுக்கு நாலு பங்கு நீண்டுவிடும். 69 சென்டிமீட்டர் 72 ஆகிவிடும். கேட்டைச் சாத்தித் திறந்த மனிதர் அதைக் கண்ணாலேயே பிடித்துவிட்டார், கால்குலேட்டர் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அந்த 72 சென்டிமீட்டரைப் பிரித்துப் போட்டேன். மூக்குப் பகுதியை மட்டும் என் மகன் எடுத்துப்போய் பென்சில் ஸ்டாண்டாக வைத்திருக்கிறான்.

இனி போட்டோ வேண்டாம், நேரில் பார்ப்பது என்று முடிவானது. தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் மிச்சம் இருப்பது நீலகிரி மலை ரயிலில் மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தோடு நீராவி இன்ஜின், குன்னூரில் இன்ஜின் மாற்றி அங்கிருந்து ஊட்டி வரை ஒய்டிஎம்-4. அதையும் பராமரிப்பது நம் திருச்சி பொன்மலைப் பட்டறைதான். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறையை 1928-இல் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள் என்று நாகப்பட்டினத்துக்காரர்கள் இன்னும் விசனப்படுவார்கள். எப்படியோ, என் இன்ஜினைப் பார்க்க நான் மலையேற வேண்டியதாயிற்று. மனைவியிடம் ஊட்டி போகலாம் என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நானாகச் சொல்லியிருக்கிறேன். சந்தேகப்படாமல் கிளம்பிவிட்டாள். மாயவரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஜனசதாப்தி, மறுநாள் காலையில் பஸ்.

ரயில்வே இடத்தில் டேப்பை நீட்டி இன்ஜினை அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. அதற்கு ஒரு உபாயம் செய்திருந்தேன். கறுப்புக் குடை ஒன்றை எடுத்து, மடக்கிய நிலையில் அதன் மேல் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெள்ளை ஸ்டிக்கர் பட்டை சுற்றியிருந்தேன். குன்னூரில் இன்ஜின் வந்து நிற்கும்போது மனைவியைக் குடையோடு நடைமேடையில் நிறுத்தி, "கேபின்கிட்ட போ, இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம், குடைய நேரா புடி" என்று நகர்த்தி நகர்த்தி எடுத்தேன். மற்ற ஜோடிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது படத்துக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, என்னைய எடுக்கறீங்களா, குடைய எடுக்கறீங்களா?"

உண்மையைச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் நின்ற படங்களில் முகம் எப்படி இருக்கிறது என்று இங்கே விவரிக்க விரும்பவில்லை. ஆனால் குடை நேராக இருக்கிறது.

அங்கே வேலை செய்த ஒருவர் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். பயந்துகொண்டே செல்போனில் மாடலின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "மேல பாத்திருக்கீங்களா?" என்றார். பார்த்ததில்லை. சித்தப்பாவின் கேட்டில் நான் நின்றது தரையில், இன்ஜின் என் தலைக்கு மேல். அதன் கூரை எப்படி இருக்கும் என்று வாழ்நாளில் யோசித்ததே இல்லை. முதல் மாடலின் கூரையில் நான் வைத்திருந்ததெல்லாம் கற்பனை. இந்தப் பக்கம் ரோடு ரயிலைவிட மேட்டில் போகிற இடங்கள் உண்டு, அங்கே போய் நில்லுங்கள் என்று கை காட்டினார். போய் நின்றோம். மலைச்சரிவில் எனக்குக் கீழே என் இன்ஜின் ஊர்ந்து போனது. நீளப் பெட்டியின் கடைசியில், ரேடியேட்டருக்கு மேலே, வலை போட்ட வட்டமான பெரிய விசிறி வாய். நடுவில் புகை கக்கிக் கறுத்துப்போன புகைபோக்கி. நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக அதன் உச்சந்தலையைப் பார்த்தேன்.

ஊருக்கு வந்ததும் எல்லாவற்றையும் கேஜிலிருந்து தொடங்கினேன். நேர் எதிர்ப் படத்தில் தண்டவாள உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை ஆயிரம் மில்லிமீட்டர், அதிலிருந்து பாடியின் அகலம், அகலத்திலிருந்து உயரம். பக்கவாட்டுக்குக் குடை. இரண்டும் ஒத்துப்போன இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீளம் 69-இல் வந்து நின்றது.

நீளப் பெட்டியின் ஓரங்கள் கூர்மையாக இருக்காது, உருண்டு மடியும். சன்போர்டை அப்படி மடக்க முடியாது. வயரிங் வேலைக்கு வாங்கும் பிவிசி பைப்பை நீளவாக்கில் நாலாகப் பிளந்தால் கால் வட்டம் கிடைக்கிறது. அதைக் கூரை ஓரத்தில் ஒட்டி, இரண்டு பக்கமும் பட்டி பார்த்துத் தேய்த்தால் சேர்ந்த இடம் தெரியாது. கேபின் கூரையின் மெல்லிய வளைவுக்கு ஷீட்டைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி ஆறு அங்குல பைப்பின் மேல் துணியால் கட்டி ஆறவிட்டேன். மூன்று தடவை செய்தும் திமிறியது, நாலாவது தடவை படிந்தது.

கதவுகள்தான் உயிரை எடுத்தன. பெட்டியின் பக்கவாட்டு முழுவதும் கதவு, இன்ஜினைத் திறந்து பழுது பார்க்க. ஒவ்வொன்றுக்கும் கீல், தாழ்ப்பாள், சிலவற்றில் காற்றுப் போக வரிவரியாகச் சந்து. எல்லாம் ஒரே அகலமும் இல்லை. வரிசையில் ஒரு கதவு அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் பல் வரிசையில் ஒரு பல் கோணிய மாதிரி அது மட்டும்தான் கண்ணில் படும். தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்கிறவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போது கை கொடுத்தது. நெட்டித் தண்டைச் சீவிப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகிற ஆள். அவர் எந்தத் துண்டையும் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை. ஒரு மாதிரித் துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதோடு முட்டவைத்து வெட்டிக்கொண்டே போனார். நானும் ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு அளவுக்கட்டை செய்துகொண்டேன். ப்ளாட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். என் ப்ளாட்டர் ஸ்டிக்கரை வெட்டும், கெட்டியான பிவிசியில் கீறல்தான் போடும்.

அந்தக் கெட்டி பிவிசி எது என்பதுதான் வெட்கக்கேடு என்றேன். ஐடி கார்டு. அளவு 85.6-க்கு 54 மில்லிமீட்டர், கனம் 0.76. பளிங்கு மாதிரி வழவழப்பு, துல்லியமான நேர் விளிம்பு, காசு கொடுத்தாலும் இப்படி ஷீட் கிடைக்காது. ஒவ்வொரு ஜூன் மாதமும் பேர் தப்பு, இரத்த வகை தப்பு, போட்டோ மாறிப்போச்சு என்று கடையில் ஒரு பெட்டி நிறைய கழிவு சேரும். அத்தனையிலும் பேர், விலாசம் உள்ள பகுதியைக் கத்தரித்து எரித்துவிட்டு, மிச்சத்தை முகம் உள்பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்டியிருக்கிறேன். இன்ஜினைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே அரைக் காதும் கால் ரிப்பனுமாக ஆறாம் வகுப்பு பி பிரிவு சிரிக்கும்.

சித்திரை மாதம் ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தது. கடையின் பின்கட்டு தகரக் கூரை. மத்தியானம் ஒருநாள் போய்ப் பார்த்தால் நடைபாதைத் தட்டு நடுவில் வில்லாக வளைந்திருந்தது. ராத்திரி திரும்ப நேராகிவிட்டது. பிவிசி சூட்டில் நீளும். எழுபது சென்டிமீட்டர் துண்டு இருபது டிகிரி ஏறினால் ஒரு மில்லிமீட்டர் பக்கம் நீண்டுவிடும். கீழே இரும்புச் சட்டத்தில் இரண்டு முனையையும் நான் திருகி முடுக்கியிருந்தேன். நீள இடமில்லாமல் அது மேலே எழும்பியிருக்கிறது. ஒரு முனையை மட்டும் முடுக்கி, மறுமுனையின் ஓட்டையை நீளவாக்கில் அரம் போட்டு விட்டேன். தண்டவாளத்திலும் அந்தக் காலத்தில் இணைப்புக்கு இணைப்பு இடைவெளி விட்டது இதற்காகத்தானே, அந்தத் தடக் தடக் சத்தமும் அதனால்தானே. சித்தப்பாவிடம் சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பார் என்று சொல்லவில்லை.

கைப்பிடிக் கம்பிக்குச் சைக்கிள் போக்ஸ் வைத்துப் பார்த்தேன், தடிமனாகத் தெரிந்தது. வெல்டிங் கடையில் 1.6 மில்லிமீட்டர் பித்தளை ராடு கிடைத்தது. நிஜத்தில் 36 மில்லிமீட்டர் குழாய்க்குச் சமம், ஆள் கை பிடிக்கிற கனம். ஹெட்லைட் வளையமும் ஹாரனும் பித்தளையிலேயே வேண்டும் என்று ஆசை. நாச்சியார்கோவிலுக்குப் போனேன். குத்துவிளக்கு வார்த்துக் கடைகிற பட்டறை. அங்கிருந்த பெரியவர் என் பென்சில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, மூக்குத்தி மாதிரி இருக்கு?"

"ரயில் இன்ஜினுக்கு ஹாரன்ணே."

"எங்கிட்ட அஞ்சு அடி வெளக்கு கேளு, நாள சாயங்காலம் தரேன். இந்தப் பொடிசுக்கு வார்ப்பெல்லாம் ஆகாது, கம்பியிலேருந்தே கடையணும். கண்ணு வேணும் அதுக்கு."

அவர் மகன் கடைந்து கொடுத்தான். காசு வாங்க மாட்டேன் என்று நின்றார்கள். அவர்கள் பட்டறைக்கு ஒரு பெயர்ப் பலகை எழுதிக் கொடுத்தேன், பிரஷ்ஷால், ஃப்ளெக்ஸ் இல்லை.

ரேடியேட்டர் வலைக்கு எவர்சில்வர் டீ வடிகட்டி. வீட்டில் இரண்டு நாள் டீ இல்லை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

பெயிண்டுக்கு வரும்போது ஐப்பசி ஆகிவிட்டது. துலா மாதம் மாயவரத்தில் எனக்கு மூச்சு விட நேரம் கிடையாது. ஐப்பசி கடைசி நாள் காவிரி நீராட்டான கடைமுகம் வரைக்கும் பேனர், அப்புறம் மறுநாள் முடவன் முழுக்கு. அதோடு அடைமழை. நான் பொறுக்காமல் ஒருநாள் கார் பட்டறையில் சொல்லி அரக்குச் சிவப்பு டூகோ பெயிண்ட் அடித்தேன். கண் முன்னாலேயே வெள்ளை பூத்துப்போனது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் தின்னர் ஆவியாகும்போது குளிர்ந்து தண்ணீரை இழுத்துப் பெயிண்டுக்குள் சிறை வைத்துவிடும். பட்டறைக்காரத் தம்பி, "தை பொறக்கட்டும்ணே" என்றான். எல்லாவற்றையும் 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுத்துவிட்டு, தை பிறந்து வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாளில் மறுபடி அடித்தோம். அரக்குச் சிவப்பு, நடுவில் க்ரீம் பட்டை. அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று என்னிடம் இருந்த மூன்று போட்டோவும் மூன்று விதமாகச் சொன்னது. கடைசியில் வெயிலில் நாலைந்து வருஷம் நின்ற இன்ஜின் என்று வைத்துக்கொண்டு ஒரு சொட்டு வெள்ளை கலந்தேன்.

எண்ணும் எழுத்தும் மட்டும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டவில்லை. 6 என்று தொடங்கும் நாலு இலக்க எண், அதன் பக்கத்தில் பொன்மலையின் சுருக்கக் குறி. ஷெட்டில் யாரோ ஒருவர் பிரஷ்ஷால் எழுதிய எழுத்து அது. முடிகிற இடத்தில் லேசாகக் கனத்திருக்கும், அடுத்த எண்ணுக்குப் போகிற அவசரம் தெரியும். ப்ளாட்டருக்கு அந்த அவசரம் வராது. பதினைந்து வருஷம் கழித்து ஜீரோ நம்பர் பிரஷ்ஷை எடுத்தேன். முதல் எண்ணில் கை நடுங்கியது, நாலாவதில் பழைய கை வந்துவிட்டது.

போன மாதம் சித்தப்பாவை மறுபடி அழைத்து வந்தேன். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. ஒற்றை பஃபரைப் பார்த்துத் தலையாட்டினார். நீளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முட்டியில் கை ஊன்றி மெல்லக் குந்தி உட்கார்ந்து, கீழேயிருந்து மேலே அண்ணாந்து பார்த்தார். கேட் அறையிலிருந்து அவர் பார்த்த கோணம் அது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எல்லாம் சரியா இருக்கு. பூச்சி எங்கடா?"

"என்ன பூச்சி சித்தப்பா?"

"சம்பா கதிரு முத்துற நாள்ல வெளக்கப் பாத்து வயல்லேருந்து பூச்சி மொத்தமும் வரும்ல. விடியக்கால வண்டி எங்கிட்ட வர்றப்ப ஹெட்லைட்டு, கண்ணாடி, மூஞ்சி பூரா அப்பிக் கெடக்கும். மூஞ்சில பூச்சி இல்லாத இன்ஜின நான் பாத்ததே இல்ல."

மனைவியிடம் பழைய டூத் பிரஷ் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பழுப்பில் கொஞ்சம் மஞ்சள் கலந்து, கட்டை விரலால் மயிரை நீவித் தெறிக்க வேண்டும். முதலில் ஒரு சன்போர்டுத் துண்டில் தெறித்துப் பார்த்தேன், பூச்சி கொஞ்சம் பெரிதாக விழுகிறது. 22.5-இல் ஒரு பங்கு பூச்சி.